பொறுப்பு: டீச்சர்

என் வீட்டுக்காரரிடம் ஒரு முடிவெடுக்கச் சொன்னால் போதும், மனிதருக்கு வியர்த்துவிடும். ஹோட்டலுக்குப் போனால் மெனு கார்டைத் திறக்கவே மாட்டார். பக்கத்து மேஜையைக் காட்டி, "அவங்க சாப்பிடறதையே கொண்டு வாங்க" என்பார். சட்டை எடுக்கப் போனால் கடைக்காரர் எதைக் கையில் திணிக்கிறாரோ அதுதான் சட்டை. இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அடித்துப் பேசினார். "இங்க ஒண்ணுதான் இருக்க முடியும், ரெண்டுக்கு இடமே கிடையாது" என்றார். அது எங்கள் வெப்சைட்டின் செட்டிங்ஸ்.

வெப்சைட் என்றால் எங்கள் நாய் விடுதியின் வெப்சைட். சிரிக்க வேண்டாம். ஊருக்குப் போகிறவர்கள் வீட்டு நாயை எங்கே விடுவார்கள்? எங்களிடம்தான். முன்பு அச்சகமாக இருந்த ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, நானும் என் நாத்தனாரும் நடத்துகிறோம். முன் அறையில் ஒரு கவுன்டர், அதன் மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். நடுவில் குளியலறை, அது என் ராஜ்யம். அதற்குப் பின்னால் மதில் வைத்த முற்றம், அது நாத்தனாருடைய ராஜ்யம். குளிப்பாட்டுவது, முடி வெட்டுவது, காது துடைப்பது எல்லாம் நான். சாப்பாடு, நடை, ஒழுக்கம், வாடிக்கையாளர்களோடு பேச்சு எல்லாம் அவர்.

என் நாத்தனார் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவர் இல்லை. இதற்கு முன் ஒரு கண்ணாடிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாரென்றால் எந்த நாயும் வாலை மடக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். இதைப் பார்த்த வாடிக்கையாளர்கள் அவருக்கு டீச்சர் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். எனக்கும் ஒரு பட்டம் உண்டு. குளியல் மேடம். இரண்டில் எது கௌரவமான பட்டம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

டீச்சருக்கு உயிர்மூச்சு கதவு. முன்கதவு கொஞ்சம் திறந்திருந்தாலும் ஏதாவது ஒரு நாய் தெருவுக்குப் பாய்ந்துவிடும். அதனால் முற்றத்தின் கடைசியில் இருந்தாலும் அவருக்குக் கதவுச் சத்தம் கேட்கும். உடனே அங்கிருந்தே ஒரு குரல் வரும்: "கதவைச் சாத்துங்க!" தபால்காரர் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை இந்தக் குரலுக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள்.

வெப்சைட் செய்த அன்று என் வீட்டுக்காரர் கவுன்டரில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் குளியலறை வாசலில், ஒரு பெரிய சடைநாயின் காதைத் துவட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அவர் எனக்குப் பாடம் நடத்தினார். நாய்களுக்கு என்று ஒரு டேபிள், அதாவது விவரங்களைக் குறிக்கும் அட்டவணை, இருக்கிறதாம். எத்தனை நாய் வந்தாலும் ஆளுக்கொரு வரிசை சேர்ந்துகொண்டே போகும். முன்பதிவுக்கும் அப்படித்தான். ஆனால் விடுதியின் பெயர், ஃபோன் நம்பர், யார் பொறுப்பு, திறக்கும் நேரம், மேலே காட்டும் அறிவிப்பு இதெல்லாம் சைட் முழுவதற்கும் பொதுவானது. அதற்கும் ஒரு டேபிள் உண்டு, ஆனால் அதில் ஒரே ஒரு வரிசை. எத்தனை முறை சேவ் செய்தாலும் அந்த வரிசையின் மேலேயே எழுதிக்கொள்ளும். இரண்டாவது வரிசை பிறக்கவே பிறக்காது.

"புதுசா சேர்க்கற பொத்தானையே எடுத்துட்டேன்" என்றார் பெருமையாக.

"ரெண்டு பேர் நடத்தற இடத்துக்கு ஒரு வரிசையா?" என்றேன்.

"ரெண்டு இருந்தா சைட் எதை எடுத்துக் காட்டும்? ஒரு பக்கத்துல உன் நம்பர் வரும், இன்னொரு பக்கத்துல அக்கா நம்பர் வரும். ஒரு பக்கம் திறந்திருக்குன்னு சொல்லும், ஒரு பக்கம் மூடியிருக்குன்னு சொல்லும். ஒண்ணுதான் இருக்கணும்."

"சரி, அந்த ஒண்ணுல பொறுப்புன்னு யார் பேரு?"

அவ்வளவுதான். மனிதர் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார். "அதை நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க. எப்ப வேணா மாத்திக்கலாம். எனக்கு இப்ப டீஃபால்ட் மட்டும் சொன்னா போதும்."

"அது என்ன கழுதை?"

"யாருமே எதுவுமே எழுதலைன்னா, அந்த வரிசையே இல்லைன்னாகூட, தானா என்ன வரணும்? அது."

எனக்குக் கையில் நாய். நாய்க்குக் காதில் தண்ணீர். "யாருமே எதுவுமே எழுதலைன்னா உங்க அக்காதான். இதுல என்ன கேள்வி?" என்றேன்.

"நம்பர்?"

"அவங்க நம்பர்தான்."

"மேல அறிவிப்புல என்ன வரட்டும்?"

அதற்குள் யாரோ முன்கதவைத் திறந்தார்கள். முற்றத்திலிருந்து குரல் வந்தது: "கதவைச் சாத்துங்க!"

"அதையே போட்டுக்குங்க" என்றேன். அவர் சமர்த்தாக டைப் செய்துகொண்டார். யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். நாயின் இடது காது காய்ந்து வலது காதுக்குப் போவதற்குள் நான் இந்தப் பேச்சையே மறந்துவிட்டேன்.

பிறகு நாத்தனார் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எல்லாவற்றையும் முறையாக எழுதினார். நேரம், முகவரி, மரியாதையான ஓர் அறிவிப்பு. பொறுப்பு என்ற இடத்தில் டீச்சர். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஃபோன் எடுப்பது என்பது நாய் வளர்க்கிறவர்களோடு பேசுவது. அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. "அவன் சாப்பிட்டானா? என்னைத் தேடறானா? ஃபோனைக் கொஞ்சம் அவன் காதுல வைங்களேன்" என்பார்கள். நாத்தனார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் முற்றத்துக்கு நடந்துபோய், ஃபோனை நாயின் காதில் வைத்துவிட்டு, நாகரிகம் கருதி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

சண்டை வந்தது அறிவிப்பில்தான். இருந்தது ஒரு வரிக்கான இடம். நான் என் ஃபோனிலிருந்து, "நாய்களைக் குளிப்பாட்டாமல் அழைத்து வாருங்கள், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று போடுவேன். மத்தியானம் பார்த்தால், "அழுக்கோடு வரும் நாய்களுக்கு அனுமதி இல்லை" என்று இருக்கும். நான் மாற்றுவேன், அவர் மாற்றுவார். கடைசியாக யார் சேவ் செய்தார்களோ அவர்கள் சொன்னதுதான் அன்றைய சட்டம். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் வாசலிலேயே நின்று, நாயை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டி, "இவ்வளவு சுத்தம் போதுமா, இல்ல இன்னும் கொஞ்சம் அழுக்காக்கணுமா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அந்தச் சண்டையெல்லாம் அந்த அளவுக்குத்தான். இருவருக்கும் அதில் ஒரு சுகம்கூட இருந்தது.

அப்புறம் நாத்தனாருக்கு முழங்காலில் வைத்தியம். கொஞ்ச நாள் வீட்டோடு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "என் பேரையும் நம்பரையும் எடுத்துட்டு உன்னுது போட்டுக்கோம்மா. கால்ல கட்டோட இந்த நாய்க்காரங்ககிட்ட மல்லுக்கட்ட என்னால ஆகாது" என்று அவரே சொன்னார். நானும் ஃபோனில் செட்டிங்ஸைத் திறந்து, பொறுப்பு: குளியல் மேடம் என்று போட்டேன். அந்த நாட்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சோப்புக் கையோடு ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "ஆமாங்க, உங்களை ரொம்பத் தேடறான்" என்று சொல்லிச் சொல்லி என் கழுத்தே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நாத்தனார் குச்சியை ஊன்றிக்கொண்டு திரும்பி வந்த அன்று முதல் வேலையாக கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தன் பெயரையும் நம்பரையும் மறுபடி எழுதினார். "பழையபடி மாத்திட்டேன்மா" என்றார். "அப்பாடா" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

இதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்தபோது எங்களில் யாருக்கும் அது புரியவில்லை. புதிதாக வந்த வாசனை ஷாம்பு ஒரு நாய்க்கு ஒத்துக்கொள்ளாமல் அது சொறிந்துகொண்டே இருந்தது. அந்த ஷாம்புவை நிறுத்திவிட்டு, அறிவிப்பில் போடலாமென்று ஃபோனை எடுத்தேன். செட்டிங்ஸ் பக்கம் ஏற்கனவே திறந்து கிடந்தது. வசதியாகப் போயிற்று என்று அறிவிப்பு வரியை மட்டும் மாற்றி சேவ் செய்தேன். அந்தப் பக்கம் நாத்தனார் வீட்டில் இருந்த நாட்களில் நான் திறந்து, மூடாமல் விட்டது. அதில் பொறுப்பு என்ற இடத்தில் இன்னும் குளியல் மேடம்தான் இருந்தாள். நம்பரும் என்னுடையது. சேவ் பொத்தானுக்கு நான் எந்த வரியை மாற்றினேன் என்றெல்லாம் தெரியாது. அந்தப் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் அந்த ஒரே வரிசையின் மேல் எழுதிவிட்டது. ஷாம்புவை எடுக்கப்போய் டீச்சரை எடுத்துவிட்டேன்.

நாத்தனாரின் ஃபோன் திடீரென்று அடங்கிவிட்டது. என் ஃபோன் அலற ஆரம்பித்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கால் வலி என்று அண்ணியே (நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சத்தமில்லாமல் நம்பரை மாற்றி வேலையை என் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்தேன். வலிக்கிறது என்றால் சொல்லிவிட்டுச் செய்யலாமே, நான் என்ன மாட்டேன் என்றா சொல்லப் போகிறேன் என்று எரிச்சல். அந்த எரிச்சலில் ஒருநாள் அவர் பக்கத்தில் இருக்கும்போதே ஃபோனை எடுத்து, கொஞ்சம் சத்தமாகவே, "சொல்லுங்க, இனிமே பொறுப்பு நான்தான்" என்றேன். அவருக்கு உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன். நன்றாகவே உறைத்தது, ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

நாத்தனாரோ சைட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். தன் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். இங்கே ஒருவருக்குத்தான் இடம் என்று தம்பி சொன்னதும் அவர் நினைவில் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தன் பெயரை மறுபடி எழுதிக்கொண்டிருக்கலாம். ஆனால் தன்னை எடுத்துவிட்ட இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்ட பிடிவாதம். எங்கள் வீட்டில் முடிவெடுக்கும் சக்தி முழுவதையும் அக்காவே வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டார், தம்பிக்கு மிச்சம் வைக்கவில்லை.

அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். என்னை "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை வா, போ என்று பேசியவர். "அந்த டவல் காஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டபோது பின்னால் யாரோ வாடிக்கையாளர் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. "நீங்க சொன்னா சரிங்க." "உங்க இஷ்டங்க." திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருப்பேன். இந்த மரியாதைக்கு என்ன பதில் சொல்வது? நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

எங்களிடம் அடிக்கடி வந்து தங்கும் ஒரு கிழட்டு நாய் உண்டு. உடம்பும் நடையும் பார்த்து அதற்கு ஜமீன்தார் என்று பெயர் வைத்திருந்தோம். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஜமீன்தார் சாப்பிடுவார். ஒரு மத்தியானம் நாத்தனார் என்னை முற்றத்துக்கு அழைத்தார். "இவருக்குத் தட்டை வெச்சுட்டுப் போயிடக் கூடாதுங்க. பக்கத்துல உக்காரணும். ஆனா அவரைப் பாக்கக் கூடாது. வேற எங்கயோ பாக்கற மாதிரி இருக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார். காலை மடக்கி உட்கார முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து, நாய்களைக் கூப்பிட அவர் ஊதும் விசில் குளியலறை ஆணியில் தொங்கியது. அப்போதும் எனக்கு மண்டையில் ஏறவில்லை.

சாப்பிடும்போதுதான் வீட்டுக்காரர் மென்று முழுங்கினார். "அக்கா அந்த நாய் டாக்டர்கிட்ட வேலைக்குப் போறாளாம்."

"எந்த டாக்டர்? நம்ம டாக்டரா?"

"ஆமா. அவர் கிளினிக்ல வர்றவங்களைப் பாத்து உள்ள அனுப்பற வேலையாம். நாளைக்கு இங்க கடைசி நாளுன்னு சொன்னா."

"ஏனாம்?"

அவர் தட்டைப் பார்த்தார். "நீயே பேசேன்" என்றார்.

அண்ணி இல்லாத அந்த இடத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். நாய்கள் இருந்தன, நான் இருந்தேன், முன்கதவு ஆவென்று திறந்து கிடந்தது, ஒரு குரலும் இல்லை. அழுகை வரும் போலிருந்தது. ஆனால் எனக்கு அழுகை வரும்போதெல்லாம் கோபம்தான் முந்திக்கொள்ளும். "போகட்டும், இங்க யாரு புடிச்சு வெச்சிருக்கா?" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் தெரியும்படி பாத்திரம் கழுவினேன்.

மறுநாள் வீட்டுக்காரரை லீவு போட வைத்து இழுத்துக்கொண்டு போனேன். நாத்தனார் எங்களுக்கு முன்பே வந்து கவுன்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கப், குடை, இன்னொரு ஜோடி செருப்பு எல்லாம் ஒரு பையில் ஏறியிருந்தன. பைக்குப் பக்கத்தில் ஜமீன்தார் படுத்திருந்தார். அவருக்கு விஷயம் தெரிந்த மாதிரி இருந்தது.

"வாங்க" என்றார் என்னைப் பார்த்து.

"அண்ணி, இந்த வாங்க போங்கவை முதல்ல நிறுத்துங்க. என்ன விஷயம்னு நேரா சொல்லிட்டுப் போங்க."

"சொல்றதுக்கு என்னங்க இருக்கு? பொறுப்பு உங்ககிட்ட இருக்கு. ஒரு இடத்துல ஒருத்தர்தான் இருக்க முடியும்னா நான் எதுக்குக் குறுக்க?"

"பொறுப்பு எங்கிட்டயா? நீங்கதானே உங்க பேரை எடுத்துட்டு என் நம்பரைப் போட்டீங்க? நாய்க்காரங்க ஃபோனெல்லாம் இவளே எடுத்து அழட்டும்னு!"

நாத்தனார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். வரிசையில் போய் நிற்கலாமா என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. "நான் போட்டேனா? என் பேரை எடுத்தது நீங்க."

"நான் எதுக்கு எடுக்கறேன்? எனக்கு என்ன பைத்தியமா?"

இருவரும் ஒரே நேரத்தில் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் பின்னால் நகர்ந்து பார்த்தார். பின்னால் சுவர்.

என் ஃபோனை வாங்கினார், கம்ப்யூட்டரைத் திறந்தார், எதையோ தேடிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார். அது பெரிய தப்பு என்று எங்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு நிறுத்திவிட்டு, பழைய பக்கம், ஷாம்பு, சேவ் என்று நான் மேலே சொன்ன கதையைச் சொன்னார். "இவ வேணும்னு செய்யலைக்கா. பழைய பக்கம் அது. இருந்ததை அப்படியே எழுதிடுச்சு. நான்தான் மாத்தின இடத்தை மட்டும் எழுதற மாதிரி செஞ்சிருக்கணும்" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் நாத்தனார் முகம் இளகவில்லை.

"பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்கறதுக்கு மெஷின் மேல பழி போடறியா?" என்றார் தம்பியிடம். "தானா எழுதிக்கிச்சாம். 'இனிமே பொறுப்பு நான்தான்'னு ஃபோன்ல சொன்னதும் அந்தப் பழைய பக்கம்தானா? நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்."

நான் சொன்னது உண்மைதான். என்ன நினைத்துச் சொன்னேன் என்பதை இனி விளக்கினால் அது சாக்குப்போக்கு மாதிரிதான் கேட்கும். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. வாய் அடைத்தால் எனக்குக் கை நீளும்.

"எல்லாம் இந்த ஒத்தை வரிசையால வந்தது" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் பக்கம் போனேன். "உங்க பேரும் வேணாம், என் பேரும் வேணாம். இந்த வரிசையே இருக்க வேணாம்." செட்டிங்ஸ் பக்கத்தின் கீழே சிவப்பாக ஒரு டெலீட் பொத்தான் இருந்தது. அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நான் இருந்த நிலையில் என்னிடம் கேட்கக் கூடாத கேள்வி. ஆமாம் என்று ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினேன்.

"ஐயோ!" என்று தலையில் கை வைத்தார் வீட்டுக்காரர். "சேர்க்கற பொத்தானை எடுத்தேன், அழிக்கற பொத்தானை எடுக்க மறந்துட்டேனே!"

"எல்லாம் போச்சா?" என்றார் நாத்தனார். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. போகிறவருக்கு ஏன் பயம் என்று அந்தக் கோபத்திலும் எனக்குத் தோன்றியது.

"பேரு, நேரம், முகவரி, நீங்க எழுதினது எல்லாம் போச்சு" என்றார் அவர். "ஆனா சைட் நிக்காது. வரிசை இல்லைன்னா அதுவே புதுசா ஒண்ணு உண்டாக்கிக்கும். திறந்து பாக்கலாம்."

திறந்தார். மூவரும் கவுன்டர் மேல் குனிந்தோம். எங்கள் படம், நாய்களின் படம் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் அறிவிப்பு இருந்தது: கதவைச் சாத்துங்க. கீழே வந்தால், பொறுப்பு: டீச்சர். அதற்குக் கீழே நாத்தனாரின் நம்பர்.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். "இது யாரு எழுதினது? நீயாடா?"

"நானா?" என்றார் வீட்டுக்காரர். "நான் என்னிக்குக்கா ஒரு முடிவு எடுத்திருக்கேன்?"

இந்த ஒரு வாக்குமூலத்தை மட்டும் நாத்தனாரால் மறுக்க முடியவில்லை. தம்பியை வளர்த்தவரே அவர்தான்.

"சைட் ஆரம்பிச்ச அன்னிக்கே இவகிட்ட கேட்டேன்" என்று தொடர்ந்தார் வீட்டுக்காரர். "யாருமே எதுவுமே எழுதலைன்னா என்ன வரணும்னு கேட்டேன். உங்க அக்காதான், இதுல என்ன கேள்வின்னு சொன்னா. நான் டைப் பண்ணினேன். அறிவிப்புக்குக் கேட்டப்ப நீ அங்கேருந்து கத்தினே. அதையே போடச் சொன்னா."

நாத்தனார் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பேச்சு அப்போதுதான் திரும்ப நினைவுக்கு வந்தது. கூச்சமாகப் போய்விட்டது. "கையில ஈர நாயோட நின்னுட்டிருந்தேன் அண்ணி. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்" என்றேன்.

"யோசிக்காமயா சொன்னீங்க?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, பைக்குள்ளே குடைக்கும் செருப்புக்கும் அடியிலிருந்து அவருடைய ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. அத்தனை நாள் ஊமையாகக் கிடந்த ஃபோன்.

"எடுங்க அண்ணி" என்றேன். "உங்களுக்குத்தான்."

அவர் பையைக் கிளறினார். குடை வெளியே வந்தது, செருப்பு வெளியே வந்தது, கப் வெளியே வந்தது, கடைசியில் ஃபோன் வந்தது. "சொல்லுங்க" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சாப்பிட்டார், நல்லா சாப்பிட்டார். இதோ என் காலடியிலதான் படுத்திருக்கார்... என்னது? சைட்லயா? ஆமா, அப்படித்தான் போட்டிருக்கு. சாத்துங்கன்னா சாத்துங்க, அவ்வளவுதான். இருங்க, காதுல வைக்கறேன்." முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, ஃபோனை ஜமீன்தார் காதில் வைத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்.

"என்ன பாத்துட்டு நிக்கறே?" என்றார். "போய் அந்த டவலை எடு. முற்றமெல்லாம் ஈரம்."

'நிக்கறே' என்றார். 'எடு' என்றார். நான் குளியலறைக்குள் ஓடிப்போய், கண்ணில் ஷாம்பு பட்டுவிட்ட மாதிரி முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டேன். திரும்பி வரும்போது அவர் டாக்டரோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லீங்க டாக்டர், வர முடியாது. இங்க ஆள் பத்தலை. இவங்களை நம்பி விட்டுட்டு வர முடியாதுங்க" என்று என் காதில் விழும்படியே சொன்னார். நான் ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து கவுன்டர் மேல் வைத்தேன்.

வீட்டுக்காரர் அன்று முழுவதும் உட்கார்ந்து சைட்டைச் சரிசெய்தார். இனி மாற்றிய இடம் மட்டும்தான் மாறும், பழைய பக்கம் எதுவும் யாரையும் தூக்காது என்றார். தைரியம் வந்து, "வேணும்னா ரெண்டு நம்பர் போடற மாதிரி இடம் வெச்சுத் தரட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம்" என்றோம் இருவரும்.

"சரி, அந்த டெலீட் பொத்தானை மட்டும் எடுத்துடறேன். ரொம்ப ஆபத்து."

"அது இருக்கட்டும்" என்றார் நாத்தனார்.

"எதுக்குக்கா? யாராவது தெரியாம அமுக்கிட்டா மறுபடி எல்லாத்தையும் எழுதணும்."

"எழுதிக்கறேன். உனக்கு என்ன? இருக்கட்டும்னா இருக்கட்டும்."

யாராவது சொல்லிவிட்டால் வீட்டுக்காரருக்குப் பிரச்சினையே இல்லையே. விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் அறிவிப்புச் சண்டை பழையபடி தொடர்ந்தது. அழுக்கு நாய், சுத்தமான நாய், ஞாயிற்றுக்கிழமை திறப்பதா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் சண்டை. ஒருநாள் நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே பேசிக்கொண்டோம். ஷாம்பு அளவில் ஆரம்பித்து என் சமையல் வரை போய்விட்டது. நான் விர்ரென்று கடைக்குக் கிளம்பிப் போனேன். பாதி வழியில் பர்ஸை மறந்தது தெரிந்து திரும்பி வந்தேன். கவுன்டரில் நாத்தனார் தனியாக உட்கார்ந்திருந்தார். சைட் திறந்திருந்தது. உச்சியில், கதவைச் சாத்துங்க. கீழே, பொறுப்பு: டீச்சர். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் சிரிப்பு. பிறகு செட்டிங்ஸைத் திறந்து, விடுதியின் பெயரிலிருந்து ஒவ்வொன்றாக, ஒற்றை விரலால் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

"என்ன அண்ணி, எல்லாம் அழிஞ்சிருச்சா?" என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஆமாம்மா. கை பட்டுருச்சு."

நிச்சயமாகவா என்று அது ஒரு முறை கேட்குமே, அதற்கும் கை பட்டுவிட்டதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் கேட்கவில்லை. பர்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினேன்.